தற்செயலைக் கழித்த பிறகு



ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு செல்தான் அதன் உடம்பு முழுவதும். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. அந்த இடத்துக்குள் சுமார் 4 கோடிப் புரத மூலக்கூறுகள் நெருக்கியடித்து அலைகின்றன. வகை என்று பார்த்தால் 6,000 இருக்கும். அந்த 6,000 வகைகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 1 கோடியே 80 லட்சம் ஜோடிகள் வரும். இவற்றில் எந்த ஜோடி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், எது உரசிவிட்டு விலகிப்போகும் என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் செல் சர்க்கரையைச் செரிப்பதும், இரண்டாகப் பிரிவதும், சூடு ஏறும்போது தாக்குப்பிடிப்பதும் நடக்கின்றன.

புரதங்களைப் புள்ளிகளாகவும் பற்றுதல்களைக் கோடுகளாகவும் வரைந்தால் ஒரு வலை கிடைக்கும். வாயுவையும் காந்தத்தையும் புரிந்துகொள்வதற்காக உருவான புள்ளியியல் இயற்பியல், இந்த வலையிடம் என்ன கேட்கக் கற்றுக்கொண்டது என்பதே இன்றைய பேச்சு.

முதலில், அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம். 1989இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸ், ஓக்-க்யூ சாங் இருவரும் ஓர் அழகான உத்தியை வெளியிட்டார்கள். ஈஸ்ட்டில் கால்-4 என்றொரு புரதம் உண்டு. அதன் ஒரு பகுதி டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பகுதி மரபணுவை முடுக்கிவிடும். இரண்டையும் பிரித்துவிட்டால் வேலை நடக்காது. ஆனால் அவை மறுபடி ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை, பக்கத்தில் வந்தாலே போதும். ஆகவே நாம் சோதிக்க விரும்பும் ஒரு புரதத்தை முதல் பகுதியோடும், இன்னொரு புரதத்தை இரண்டாம் பகுதியோடும் கோத்துவிடலாம். அந்தப் புரதங்கள் பற்றிக்கொண்டால் பகுதிகள் நெருங்கும், மரபணு இயங்கும், தட்டில் ஈஸ்ட் வளரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடிப்பைக் கண்ணால் பார்க்கும் வளர்ச்சியாக மாற்றிய இந்தச் சோதனை இல்லையென்றால் இன்றைய பேச்சே இல்லை.

2000ஆம் ஆண்டில் பீட்டர் யூட்ஸ் முதலானோர் இந்த முறையில் ஈஸ்ட்டின் 957 பற்றுதல்களைப் பட்டியலிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானில் தகாஷி இட்டோ குழுவினர் 4,549 என்றார்கள். ஒரே உயிரி, ஒரே உத்தி. ஆனால் இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக இருந்தவை மிகச் சொற்பம். இதை மறக்காமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாச் சர்ச்சைகளின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

இயற்பியலாளர்கள் உள்ளே வந்தது அப்போதுதான். 2001இல் ஜியோங், மேசன், பராபாசி, ஓல்ட்வாய் ஆகிய நால்வரும் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வலையில் 1,870 புரதங்கள், 2,240 இணைப்புகள். சராசரி பார்த்தால் ஒரு புரதத்துக்கு 2.4 இணைப்புகள். ஆனால் அந்தச் சராசரி எதையும் விளக்கவில்லை. பெரும்பாலான புரதங்களுக்கு ஒன்றோ இரண்டோதான் கூட்டாளிகள். ஒரு சிலவற்றுக்கோ பதினைந்துக்கும் மேல்.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வியக்கலாமா கூடாதா என்பதைச் சொல்வதற்குத்தான் புள்ளியியல் இயற்பியல். 4 கோடி மூலக்கூறுகளின் ஒவ்வோர் அசைவையும் யாராலும் பின்தொடர முடியாது. வாயுவிலும் அதே நிலைமைதான். போல்ட்ஸ்மான் காட்டிய வழி இது: தனி மூலக்கூறைத் துரத்தாதே, நமக்குத் தெரிந்த சில அளவுகளுக்கு ஒத்துப்போகிற எல்லா நிலைகளையும் ஒரு தொகுதியாக எடுத்துக்கொள், அந்தத் தொகுதியில் சாதாரணமாக எது நிகழும் என்று கேள். 1957இல் எட்வின் ஜெய்ன்ஸ் இதை இன்னும் கூர்மையாக்கினார். தெரிந்ததை மட்டும் நிபந்தனையாக வை, மற்ற எல்லாவற்றிலும் என்ட்ரோபியை உச்சமாக்கு. அப்போது நமக்குத் தெரியாத எதையும் தெரிந்ததுபோல் மாதிரிக்குள் நுழைக்க மாட்டோம் என்றார்.

வலைகளுக்கும் இதைச் செய்யலாம். இணைப்புகளின் மொத்த எண்ணிக்கை ஒன்றுதான் நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். மீதியைத் தற்செயலிடம் விட்டால் கிடைப்பது 1959-60இல் எர்டோஷும் ரேனியும் ஆராய்ந்த தற்செயல் வலை. வலைகளின் உலகத்தில் அதுவே இலட்சிய வாயு. அதில் ஒரு நிலைமாற்றம்கூட உண்டு: சராசரி இணைப்பு ஒன்றுக்குக் கீழே இருக்கும்வரை வலை துண்டு துண்டாகக் கிடக்கும்; ஒன்றைத் தாண்டியதும் கணிசமான பங்குப் புள்ளிகளை விழுங்கும் ஒரே பெருந்துண்டு எழும்பும். சரி, இந்த இலட்சிய வாயுவில் சராசரி 2.4ஆக இருக்கும்போது ஒரு புரதத்துக்குப் பதினைந்துக்கு மேல் கூட்டாளிகள் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? போய்சான் சூத்திரத்தில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 16 கோடியில் ஒன்று வருகிறது. 1,870 புரதங்களுக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருக்கின்றன. ஆகவே எளிய தற்செயல் மட்டும் இந்த வலையைப் பின்னவில்லை. இவ்வளவும் உறுதியாகச் சொல்ல முடிந்தது, அதுவே பெரிய பேறு.

அதற்கு மேலும் சொன்னார்கள். 1999இல் பராபாசியும் ரேகா ஆல்பர்ட்டும் இணையத் தளங்களையும் வேறு சில வலைகளையும் ஆராய்ந்து, இணைப்புகளின் பரவல் அடுக்கு விதியைப் பின்பற்றுகிறது, அளவுகோலே இல்லாத அமைப்பு இது என்று எழுதியிருந்தார்கள். ஈஸ்ட் வலையும் அதே குடும்பம் என்றது 2001ஆம் ஆண்டுக் கட்டுரை. அதோடு உயிரியலாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்த ஒரு செய்தி: ஐந்து அல்லது அதற்குக் குறைவான இணைப்புகள் உள்ள புரதங்களில் சுமார் 21 சதவீதம்தான் செல்லின் உயிருக்கு இன்றியமையாதவை, பதினைந்துக்கு மேல் இணைப்புகள் உள்ள அந்தச் சிறு கூட்டத்திலோ 62 சதவீதம். அதிக இணைப்பு உள்ளதை அகற்றினால் செல் சாகும் வாய்ப்பு அதிகம். வலையின் வடிவத்திலேயே உயிரும் சாவும் எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் அந்த நாட்களில் பலரையும் ஆட்கொண்டது. அந்த உற்சாகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது இல்லாமல் இந்தத் துறைக்கு இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கேள்விகள் வந்தன, வர வேண்டிய கேள்விகள்தான். நாம் பார்த்தது முழு வலை அல்லவே, அதன் ஒரு கிழிசல்தானே? 2005இல் ஸ்டம்ஃப், வியூஃப், ராபர்ட் மே மூவரும் ஒன்றை நிரூபித்தார்கள்: அளவுகோலற்ற வலை ஒன்றிலிருந்து தற்செயலாகச் சில புள்ளிகளை அள்ளி எடுத்தால், எடுத்த பகுதி அளவுகோலற்றதாக இருக்காது. அதே ஆண்டில் ஹான் முதலானோர் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள்: வேறு வகை வலைகளிலிருந்தும் குறைவாக மாதிரி எடுத்தால் அது அடுக்கு விதிபோலத் தோற்றம் தரும். பார்த்த துண்டின் உருவத்தை முழுமையின் உருவம் என்று சொல்ல வழி இல்லாமல் போனது. 2019இல் ப்ரோய்டோவும் க்ளாசெட்டும் ஏறத்தாழ ஆயிரம் வலைகளைக் கடுமையான சோதனைக்கு உட்படுத்தியபோது, அடுக்கு விதிக்கு வலுவான சான்று காட்டியவை 4 சதவீதமே.

இன்றியமையாமை பற்றிய செய்தியும் அடிவாங்கியது. 2008இல் யூ முதலானோர் பழைய பட்டியல்களை மறுசோதனை செய்து, ஈஸ்ட்டின் நேரடிப் பற்றுதல்களுக்கு நம்பகமான வரைபடம் ஒன்றை உருவாக்கினார்கள். அதில் இணைப்பின் எண்ணிக்கைக்கும் இன்றியமையாமைக்கும் தொடர்பு தென்படவில்லை. ஒரு புரதத்தை நீக்கினால் செல்லின் எத்தனை விதமான குணங்கள் பாதிக்கப்படும் என்பதோடுதான் தொடர்பு இருந்தது. பழைய பட்டியல்களில் தொடர்பு தென்பட்டதற்கு எளிதில் புரியும் காரணம் ஒன்று உண்டு: உயிருக்கு முக்கியமான புரதத்தை ஆய்வகங்கள் மீண்டும் மீண்டும் ஆராயும், ஆராய ஆராயக் கோடுகள் கூடும்.

இதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் இயற்பியல் இங்கே வந்து ஏமாந்தது’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. எல்லா வலைகளுக்கும் ஒரே விதி என்ற ஆசை சுருங்கியது உண்மை. ஆனால் இயற்பியல் கொண்டுவந்த உண்மையான கொடை அந்த விதி இல்லை. தற்செயல் தன் பங்குக்கு என்னென்ன செய்துவிடும் என்பதை நேர்மையாகக் கணக்கிட்டு, அதைக் கழித்து, மிஞ்சுவதை மட்டும் உயிரின் செயல் என்று எண்ணும் ஒழுக்கம்தான் அந்தக் கொடை. மேலே சொன்ன மறுப்புகள்கூட அதே ஒழுக்கத்திலிருந்து பிறந்தவைதான்.

அதன் மிகச் சுத்தமான வடிவத்தை 2002இல் மாஸ்லோவும் ஸ்னெப்பனும் செய்தார்கள். ஒரு ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை சம்பந்திகள் என்பது தெரியும். அந்த எண்ணிக்கை மாறக் கூடாது. ஆனால் யார் வீட்டுக்கு யார் சம்பந்தி என்பதைக் கலைத்துப் போடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இணைப்புகளை எடுத்து அவற்றின் முனைகளை மாற்றிக் கட்ட வேண்டும். இதை ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும். கடைசியில் கிடைப்பது, ஒவ்வொரு புரதத்துக்கும் அதே எண்ணிக்கைக் கூட்டாளிகள் உள்ள, மற்றபடி முழுக்கத் தற்செயலான வலை. உண்மை வலையை இதன் அருகில் வைத்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது: பல கூட்டாளிகள் உள்ள புரதங்கள் தங்களுக்குள் பற்றிக்கொள்வதைத் தவிர்க்கின்றன, குறைந்த கூட்டாளிகள் உள்ளவற்றோடுதான் சேர்கின்றன. பின்னர் வந்த வேறு தரவுகளில் இது இதே வலிமையோடு தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்டுபிடிப்பு தளர்ந்தாலும் அளவிடும் கருவி தளரவில்லை. இன்று எந்த வலையைப் பற்றி எதைச் சொன்னாலும், கலைத்துப் போட்ட வலையில் அது எவ்வளவு வருகிறது என்ற கேள்வி முதலில் எழும்.

இயற்பியல் மாணவர்களுக்காக ஒரு வரி. ஒவ்வொரு புள்ளியின் இணைப்பு எண்ணிக்கையையும் சராசரி அளவில் மட்டும் நிபந்தனையாக வைத்து என்ட்ரோபியை உச்சமாக்கினால், எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே இணைப்பு இருக்கும் நிகழ்தகவு ஃபெர்மி-டிராக் பரவலின் அதே சூத்திரத்தில் வந்து நிற்கும். பார்க், நியூமன் இருவரும் 2004இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். ஒரு ஜோடிக்கு ஒரு கோட்டுக்கு மேல் இடம் இல்லை, ஒரு நிலையில் ஒரு எலக்ட்ரானுக்கு மேல் இடம் இல்லை என்பதுபோல. உலோகத்துக்காகப் படித்த கணக்கு ஈஸ்ட்டுக்கும் பொருந்துகிறதே என்று முதன்முறை கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

இதுவரை பேசியது கோடுகளைப் பற்றி. அந்தக் கோடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேதியியல் இருக்கிறது, ஆற்றல் இருக்கிறது. அங்கே போனால்தான் விஷயம் கனக்கும்.

2008ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஈஸ்ட்டில் உண்மையான நேரடிப் பற்றுதல்கள் சுமார் 18,000. மொத்த ஜோடிகள் 1 கோடியே 80 லட்சம். அதாவது ஒரு சரியான ஜோடிக்கு ஆயிரம் தவறான ஜோடிகள். தவறான பிடிப்பு ஒவ்வொன்றும் பலவீனமானதுதான். ஆனால் அவை ஆயிரம். எண்ணிக்கையின் பலம் என்ட்ரோபியாகக் கணக்கில் ஏறும்: 1,000இன் இயல் மடக்கை ஏறத்தாழ 7. ஆகவே சரியான பிடிப்பு, தவறான பிடிப்பைவிட வெப்ப ஆற்றலைப்போல் 7 மடங்கு ஆழமாக இருந்தால்தான் இரண்டும் சமநிலைக்காவது வரும். வேதியியல் மொழியில் இது ஆயிரம் மடங்கு இறுக்கம். மைக்ரோமோலாரிலிருந்து நானோமோலாருக்கு இறங்குவது. ஒவ்வொரு புரதமும் தன் கூட்டாளியைத் தெரிந்துகொள்வதற்கு மட்டுமல்ல, மற்ற ஆயிரக்கணக்கானவற்றைத் தவிர்ப்பதற்கும் தன் மேற்பரப்பைச் செதுக்கியாக வேண்டும். தவிர்ப்பதற்கான இந்தச் செலவு எந்த வரைபடத்திலும் கோடாக வராது. எனக்கு இந்தத் துறையிலேயே மிக ஆழமான கருத்து இதுதான்.

2006இல் டீட்ஸ், ஆஷன்பெர்க், ஷக்னோவிச் மூவரும் இந்தச் சிந்தனையை வைத்து ஒரு கூரான கேள்வி கேட்டார்கள். புரதத்தின் மேற்பரப்பில் சில அமினோ அமிலங்கள் நீரை விரும்பும், சில நீரை வெறுக்கும். நீரை வெறுப்பவை ஒன்றோடொன்று அண்டிக்கொள்ளும். மேற்பரப்பில் இவை எத்தனை என்பது புரதத்துக்குப் புரதம் சற்றே மாறும். இந்தச் சிறு வேறுபாட்டை மட்டும் வைத்து, இரு பரப்புகளின் ஒட்டும் ஆற்றல் ஒரு வரம்பைத் தாண்டினால் கோடு போடு என்று ஒரு மாதிரியை அமைத்தார்கள். பரிணாமம் இல்லை, பணி இல்லை, நோக்கம் இல்லை, வெறும் ஒட்டுதல்தான். வெளிவந்த வலையின் இணைப்புப் பரவல், ஈஸ்ட் சோதனைகள் தந்த பரவலை ஒத்திருந்தது. மேற்பரப்பில் சிறிதளவு கூடுதல், கூட்டாளிகளின் எண்ணிக்கையில் பல மடங்காகப் பெருகிவிடுகிறது. அப்படியானால் நாம் வியந்த அந்தப் பல கரங்கொண்ட புரதங்களில் பல, செல்லின் தலைவர்கள் என்பதைவிட, சோதனைத் தட்டில் எதையும் பற்றிக்கொள்ளும் பரப்பு உடையவை என்பதே பொருத்தமான விளக்கமாக இருக்கலாம். இரண்டு பட்டியல்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற பழைய புதிருக்கும் இங்கே பதிலின் ஒரு பகுதி கிடைக்கிறது.

ஒட்டுதல் என்பதை லேசாக எண்ணிவிடக் கூடாது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்தால், நீரை வெறுக்கும் சிறு திட்டு ஒன்று பரப்பில் உண்டாகிறது. ஆக்சிஜன் இறங்கியதும் அந்தத் திட்டு பக்கத்து ஹீமோகுளோபினின் குழியில் போய்ப் பொருந்தும். மூலக்கூறுகள் இழைகளாகக் கோத்துக்கொள்ளும். சிவப்பணு அரிவாளாக வளையும். ஒரே ஓர் அமினோ அமிலம், ஒரே ஒரு புதிய கோடு. விளைவு அரிவாள் செல் நோய். 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் இது மூலக்கூறின் நோய் என்றார்கள். 1952இல் லேமனும் கட்புஷும் இந்தியாவில் இந்தப் பண்பை முதலில் கண்டது நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம். தவறான ஒட்டுதலைத் தவிர்க்கும் அந்த 7 மடங்குக் கணக்கு ஏட்டுக் கணக்கு இல்லை. அது குலையும்போது மனிதர்கள் வலியில் துடிக்கிறார்கள்.

வரலாறும் வலையைச் செதுக்குகிறது. 1970இல் சுசுமு ஓனோ, மரபணு இரட்டிப்பே பரிணாமத்தின் பெரிய மூலப்பொருள் என்று ஒரு நூலே எழுதினார். ஈஸ்ட்டின் மூதாதை சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தன் மரபணுத் தொகுதி முழுவதையும் இரட்டித்துக்கொண்டது. ஒரு புரதம் இரட்டித்தால் அதன் நகலுக்கும் அதே கூட்டாளிகள். பிறகு இரண்டும் தனித்தனியே சிலவற்றை இழக்கும். நிறையக் கூட்டாளிகள் உள்ள புரதத்தின் கூட்டாளிகளில் ஏதாவது ஒன்று இரட்டிக்கும் வாய்ப்பும் அதிகம் என்பதால், யாரும் தேர்ந்தெடுக்காமலே பெரியவை மேலும் பெரிதாகும். 2000களின் தொடக்கத்தில் வாஸ்கெஸ், வெஸ்பிக்னானி முதலானோர் இதை மாதிரியாக்கினார்கள். ஆகவே நாம் கழிக்க வேண்டியது தற்செயலை மட்டுமல்ல. இந்தப் பரம்பரைச் சொத்தையும் கழிக்க வேண்டும்.

இப்படிக் கழித்துக்கொண்டே போனால் என்னதான் மிஞ்சும்? இந்தக் கேள்விக்கு நான் அறிந்த மிக அழகான பதில் பாக்டீரியாவிலிருந்து வருகிறது.

பாக்டீரியா சூழலை உணர இரண்டு புரதங்கள் கொண்ட ஏற்பாட்டை வைத்திருக்கிறது. சவ்வில் ஒரு ஹிஸ்டிடின் கைனேஸ் உணரும். உள்ளே ஒரு மறுவினைப் புரதம் செய்தியை வாங்கி மரபணுவிடம் சேர்க்கும். ஈ. கோலையில் இத்தகைய ஜோடிகள் சுமார் முப்பது. எல்லாம் ஒரே குலம், ஒரே மாதிரி வடிவம். ஆனாலும் செய்தி பக்கத்து ஜோடிக்குத் தாவுவது அரிது. 2009இல் வைக்ட், ஹ்வா முதலானோர் ஆயிரக்கணக்கான ஜோடிகளின் வரிசைகளை அடுக்கிவைத்து, ஒரு புரதத்தில் ஓர் இடம் மாறும்போது மற்றதில் எந்த இடம் சேர்ந்து மாறுகிறது என்று பார்த்தார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அ ஆவோடும், ஆ இயோடும் நேராகப் பிணைந்திருந்தால், அவும் இயும் தொடாமலே சேர்ந்து மாறும். காந்தவியலில் இது பழைய பாடம். தூரத்துச் சுழல்கள் நேரடி விசை இல்லாமலே ஒத்தசைவு காட்டும். வழக்கமாக நாம் விசையிலிருந்து ஒத்தசைவைக் கணக்கிடுவோம். இவர்கள் திருப்பிப் போட்டார்கள்: ஒத்தசைவைக் கொடுத்து விசையைக் கேட்டார்கள். 1952இல் ரென்ஃப்ரி பாட்ஸ் காந்தத்துக்காக எழுதிய மாதிரியில், ஒவ்வோர் இடத்துக்கும் இருபது அமினோ அமிலங்களும் ஒரு வெற்றிடமுமாக 21 நிலைகள். என்ட்ரோபியை உச்சமாக்கி நேரடிப் பிணைப்புகளை மட்டும் பிரித்தெடுத்தபோது, அவை புரதங்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களைக் காட்டின. 2016இல் பிட்போல் முதலானோர், யாருக்கு யார் ஜோடி என்று ஒன்றைக்கூட முன்னதாகச் சொல்லித் தராமல், வரிசைகளை மட்டும் வைத்தே ஜோடிகளைக் கண்டுபிடித்தார்கள். சேர்ந்து மாறும் இடங்களைத் தேடிய இந்த மரபின் வாரிசுகளில் ஒன்றுதான் 2024இல் வேதியியல் நோபல் வரை சென்ற ஆல்ஃபாஃபோல்ட்.

இனி எண்ணிப் பார்த்த கதை. எம்ஐடியில் மைக்கேல் லாப் ஆய்வகம் இந்தத் தொடும் இடங்களில் மூன்றை மட்டும் மாற்றி, ஒரு கைனேஸை வேறொரு கூட்டாளியிடம் பேசவைத்தது. 2015இல் அங்கே பொட்கோர்னாயாவும் லாப்பும் ஃபோக்யூ என்ற கைனேஸின் நான்கு இடங்களை எடுத்துக்கொண்டு, 20 அமினோ அமிலங்களின் எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்தார்கள்: 1,60,000. வேலை செய்தவை 1,659. நூற்றுக்கு ஒன்று. இது போல்ட்ஸ்மான் கனவு கண்டிருக்கக்கூடிய சோதனை: நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணி, இத்தனையில் இத்தனை என்று சொல்வது. இயற்கையில் காணப்படுபவையோ அந்த 1,659இல் மிகச் சில. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, இடையில் வேலை கெடாமல், ஒவ்வொரு மாற்றமாக நடந்துபோக வழி இல்லாத சேர்க்கைகள் பல என்று அவர்கள் காட்டினார்கள்.

2019இல் அதே குழு, ஈ. கோலையின் பழைய ஜோடிகளோடு குழம்பாத புதிய ஜோடிகளைச் செய்தே காட்டியது. அந்தக் குலத்துக்குள் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். ஆனால் 2008இல் ஜாங், மாஸ்லோவ், ஷக்னோவிச் மூவரும் முழுச் செல்லுக்கும் போட்ட கணக்கு வேறு தொனியில் பேசுகிறது: தவறான ஒட்டுதல்களின் மொத்தச் சுமை, ஒரு செல்லில் எத்தனை வகைப் புரதம், எவ்வளவு செறிவில் இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு கட்டுகிறது, உயிர்கள் அந்த வரம்பை ஒட்டியே வாழ்கின்றன. ஒன்று இடம் இருக்கிறது என்கிறது, மற்றது நெருக்கடி என்கிறது. முதலாவது ஒரு குலத்தின் நுட்பமான அடையாளம் பற்றியது. இரண்டாவது எல்லாவற்றுக்கும் பொதுவான பிசுபிசுப்பு பற்றியது. இரண்டையும் ஒரே ஆற்றல் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு செல்லில் இன்னும் எத்தனை புதிய ஜோடிகளுக்கு இடம் உண்டு என்று கேட்கலாம். அதற்கு வேண்டிய தரவு வந்துகொண்டிருக்கிறது. வேண்டிய கணிதத்தில் பெரும்பகுதியை இந்த அறையில் இருக்கும் முதுகலை மாணவர்கள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள்.